வயலின் ஊர் மிட்டன்வால்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் மிட்டன்வால்ட் என்ற சின்ன ஊர் வயலினுக்குப் பேர்போனது எப்படி? (வயலின் மாணவி, திருவையாறு)

ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, கார்வெண்டல் மலையடிவாரத்தில் ஈசார் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இன்று பனிச்சறுக்குக்கும் மலைநடைக்கும் கூட்டம் வருகிறது. அந்நாளில் இது இத்தாலிக்கும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கும் நடுவே சரக்கு வண்டிகள் தங்கிச் சென்ற ஊர். இன்று இத்தாலியில் இருக்கும் போல்சானோ நகரில் கூடிவந்த பெரிய சந்தை 1487இல் இங்கே இடம் மாறியது. 1679இல் அது திரும்பிப் போனதும் ஊரின் வருமானம் படுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் மத்தியாஸ் க்ளோட்ஸ் (1653–1743) இத்தாலியின் படுவா நகரில் லூட் என்ற பழைய தந்தி வாத்தியம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி வயலின் செய்யத் தொடங்கினார். தொழில் அவருடைய மகன்களுக்கும், பிறகு அண்டை வீடுகளுக்கும் பரவியது.

19ஆம் நூற்றாண்டில் தொழில் வணிகர் கைக்குப் போனது. ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் பலகை என்று பிரித்துச் செய்யவைத்து, கூலி கொடுத்து வாங்கி விற்றார்கள். எண்ணிக்கை பெருகியது, தரம் இறங்கியது. 1858இல் தொடங்கிய வயலின் செய்யும் பள்ளி இன்றும் நடக்கிறது. முழு வாத்தியத்தையும் ஒருவரே செய்யக் கற்பது அங்கேதான்.

கேள்வி: மேற்பலகைக்கு ஏன் ஸ்ப்ரூஸ் மரம் மட்டுமே? எங்கள் ஊர் மரத்தில் செய்தால் என்ன? (தச்சுத் தொழிலாளி, தஞ்சாவூர்)

ஸ்ப்ரூஸ் குளிர்நாட்டு ஊசியிலை மரம். எடை குறைவு, நீளவாக்கில் விறைப்பு அதிகம்: இரண்டும் சேர்ந்த மரம் அரிது. பலாவும் தேக்கும் ஸ்ப்ரூஸைவிடக் கனமானவை. அவற்றை மெலிதாக்கினால் தந்தியின் அழுத்தம் தாங்காது, தடிமனாக விட்டால் நாதம் அடைந்துபோகும். மலைக்குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும்.

மரத்தை அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பதே சரி, அப்போதுதான் ரேகை வெட்டுப்படாது. பிளந்த துண்டுகளைக் காற்றோட்டமான நிழலில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் உலரவிட வேண்டும். அவசரப்பட்டால் பலகை பின்னால் சுருங்கி நடு இணைப்பு பிளக்கும். இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டி, உளியாலும் கட்டைவிரல் அளவே இருக்கும் சின்ன இழைப்புளியாலும் குடைகிறார்கள். மேற்பலகை 2.5 முதல் 3 மில்லிமீட்டர். மேப்பிள் மர அடிப்பலகை நடுவில் 4.5 அளவில் தொடங்கி ஓரத்தில் 2.5 வரை குறையும். பக்கப் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதைச் சூடான இரும்பில் வளைக்கும்போது இரும்பு ஆறியிருந்தால் பட்டை முறியும், மிஞ்சினால் கருகும்.

ஒட்டுவது வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு 60 டிகிரி அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிமானம் போய்விடும். மேற்பலகை ஓரத்தில் வேண்டுமென்றே சற்று நீர்த்த வஜ்ஜிரம் பூசுவார்கள். வெயிலிலோ ஈரத்திலோ மரம் இழுக்கும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்கும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அதனால் உங்கள் வயலின் ஓரம் வாய் பிளந்தால் தயவுசெய்து கடையில் விற்கும் வெள்ளை மரப்பசையைத் தொடாதீர்கள். அடுத்த முறை பிரிக்கும்போது பலகையின் நாரும் சேர்ந்து பிய்ந்து வரும்.

கேள்வி: தாத்தாவின் வயலினுக்குள் ‘க்ளோட்ஸ், மிட்டன்வால்ட்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. விலைமதிப்புள்ளதா? (வாசகர், மயிலாப்பூர்)

சீட்டை நம்பி விலை பேசாதீர்கள். பேர்பெற்றவர்களின் சீட்டை அச்சடித்து ஒட்டுவது 19ஆம் நூற்றாண்டுத் தொழிற்கூடங்களில் சாதாரண வழக்கம். ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1887க்குப் பிந்தையது. பிரிட்டனும் சில ஆண்டுகளில் அமெரிக்காவும் இறக்குமதிப் பொருளில் நாட்டைக் குறிக்கச் சட்டம் போட்ட பிறகு வந்த வழக்கம் அது. சின்னக் கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே பாருங்கள். மூலைகளில் கட்டை உண்டா, கீழ்ப்புறப் பக்கப் பட்டை ஒரே துண்டா என்று கவனியுங்கள். பழைய மிட்டன்வால்ட் வேலையில் இரண்டும் இருப்பது வழக்கம். ஆனால் இவை மட்டும் சான்றாகிவிடாது. மேற்பலகையைக் கழற்றி ‘சோதிக்கிறேன்’ என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மிட்டன்வால்ட் வீட்டுச் சுவர்களில் இருக்கும் ஓவியங்கள் பனியிலும் மழையிலும் எப்படி நிற்கின்றன? (ஓவிய ஆசிரியர், மதுரை)

ஈரக் காரையின் மேல் வரைந்தவை அவை. 18ஆம் நூற்றாண்டில் பவேரியாவின் இந்தப் பகுதியில் செழித்த கலை இது. புனிதர்கள், பொய்ச் சாளரங்கள், பொய்த் தூண்கள் எல்லாம் இருக்கும். தீயிலிருந்து காக்கும் புனித ஃப்ளோரியன் பல வீடுகளில் வாளியோடு நிற்பார். தேவாலயக் கோபுரத்தின் வெளிப்புறத்திலும் ஓவியம் உண்டு, அது அந்த நூற்றாண்டின் ஓவியர் மத்தேயுஸ் குந்தர் வரைந்தது.

முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மேற்பூச்சு நுண்மணலோடு, சில மில்லிமீட்டர் மட்டும். அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கே மேற்பூச்சு பூச வேண்டும். வெறும் தண்ணீரில் குழைத்த நிறம் ஈரக் காரைக்குள் இறங்கும். காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது நிறமும் அதில் சிறைப்படும். சில மணி நேரம் தாமதித்தால் நிறம் மேலோடு நின்று, காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டும். உறைபனிக் காலத்தில் இந்த வேலையே கூடாது. காவி, மஞ்சள் மண், பச்சை மண் சுண்ணாம்பைத் தாங்கும். பிரஷ்ய நீலம் தாங்காது, வெளிறிவிடும். ஓவியத்துக்குப் பெரிய எதிரி சுவரடியிலிருந்து ஏறும் ஈரமும் சிமென்டால் ஒட்டுப்போட்ட பழுதும்தான். சிமென்டின் உப்பு ஓவியத்தைப் பின்னாலிருந்து உதிர்க்கும். மேலிருந்து வரும் மழையைத் தாழ்வாரம் பெருமளவு தடுத்துவிடுகிறது.

கேள்வி: எப்போது போகலாம்? (வாசகி, கோவை)

ஓவியங்களுக்கும் வயலின் அருங்காட்சியகத்துக்கும் கோடை நல்லது. திருவிழாவுக்கு என்றால், சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன். அன்று நண்பகல் பன்னிரண்டுக்கு, செதுக்கிய மரமுகமூடி அணிந்த பன்னிரண்டு ஆண்கள் இடுப்பில் பெரிய மணிகளைக் கட்டி, குளிர்காலத்தை விரட்ட ஒரே தாளத்தில் குதித்து வருவார்கள். ஈஸ்டரைப் பொறுத்து தேதி ஆண்டுதோறும் மாறும், நாட்காட்டி பார்த்துவிட்டு அறை பதியுங்கள். மியூனிக்–இன்ஸ்ப்ரூக் ரயில் பாதையிலேயே ஊர் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து நேரடி ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.