யானை அல்லாத விலங்குகள்

கேள்வி: நேரியலற்ற இயங்கியல் (காலப்போக்கில் மாறும் அமைப்புகளைப் பற்றிய கணிதம்) வகுப்பின் முதல் நாளில் எங்கள் பேராசிரியர், "இந்தத் துறைக்கு இப்படிப் பெயர் வைத்தது, விலங்கியலை 'யானை அல்லாத விலங்குகளைப் பற்றிய படிப்பு' என்று அழைப்பதைப் போன்றது" என்றார். அடுத்த வாரம் பிள்ளைகளோடு விலங்குக் காட்சிசாலைக்குப் போனபோது அந்தச் சொற்களே மனத்தில் ஓடின. அதில் நகைச்சுவைக்கு மேல் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் சொன்னதாக வழங்கிவரும் கூற்று அது. காரணத்தை இரு மடங்காக்கினால் விளைவும் சரியாக இரு மடங்காகும் அமைப்பையே நேரியல் என்கிறோம். அதைத் துண்டுகளாகப் பிரித்துத் தீர்த்து விடைகளைக் கூட்டிவிடலாம் என்பதால், பாடநூல்கள் அங்கேயே நெடுங்காலம் தங்கிவிட்டன. உலகின் பெரும்பகுதியோ அப்படி நடந்துகொள்வதில்லை; அந்தப் பெரும்பகுதிக்குத்தான் 'நேரியலற்றது' என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், யானையே நேர்விகிதத்துக்குக் கட்டுப்படாத விலங்கு. 1962-இல் ஓக்லஹோமா நகர விலங்குக் காட்சிசாலையில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு, ஓர் ஆய்வுக்காக, எல்எஸ்டி என்னும் போதைப்பொருள் 297 மில்லிகிராம் ஊசிமூலம் செலுத்தப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று நேராகப் பெருக்கி எடுத்த அளவு அது. சில நிமிடங்களில் சாய்ந்த யானை, இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. அதைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்த மருந்துகளுக்கும் அந்த இறப்பில் பங்கு உண்டா என்ற விவாதம் இருந்தாலும், அந்தப் பெருக்கல் கணக்கை இன்று எவரும் ஏற்பதில்லை. விலங்கின் எடை 16 மடங்கானால் அது ஓய்வில் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 8 மடங்கே ஆகிறது என்ற விதியை உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் 1932-லேயே வெளியிட்டிருந்தார். அப்படியிருக்க, மருந்தளவு மட்டும் எடையோடு நேராகப் பெருகும் என்று எண்ண இடமில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் சிறுத்தையின் வாலையும் கவனிக்கலாம். உடலெங்கும் புள்ளிகள் இருக்க, வால் நுனியை நெருங்கும்போது அவை வளையங்களாக மாறுகின்றன. ஒன்றோடொன்று வினைபுரியும் இரு வேதிப்பொருட்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான பரப்பில் தாமாகவே கோலம் எழக்கூடும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-இல் காட்டினார். பரவுதல் வேறுபாடுகளை அழிக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். இங்கே அதுவே வேறுபாட்டைப் பிறப்பிக்கிறது. இந்தக் கருத்தை வைத்துக் கணக்கிட்ட கணித உயிரியலாளர் ஜேம்ஸ் மர்ரி, ஒடுங்கிய வாலில் புள்ளிகளுக்கு இடம் போதாமல் வளையங்களே மிஞ்சும் என்றார். ஆகவே புள்ளி உடலுக்கு வரி வால் அமையலாம், வரி உடலுக்குப் புள்ளி வால் அமையாது. சிறுத்தையின் தோலில் இது இப்படியே நடக்கிறது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். மீன்காட்சித் தொட்டியில் சான்று இன்னும் வலுவானது: கடல் ஏஞ்சல் மீன் வளரும்போது அதன் வரிகள் அகலமாகாமல், இடைவெளிகளில் புதிய வரிகள் தோன்றுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிகேரு கொண்டோவும் ரிஹிட்டோ அசாயும் 1995-இல் பதிவுசெய்தார்கள்.

கேள்வி: உயர்கணிதம் அறியாதவர் இதைக் கற்க முடியுமா?

பதில்: ஒரு கணிப்பான் போதும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுத்து, 1-இலிருந்து அதைக் கழித்தால் வரும் எண்ணால் அதையே பெருக்கி, மீண்டும் 2.8-ஆல் பெருக்குங்கள், கிடைத்த விடையை வைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்தால் எண் 0.643-க்கு அருகில் நிலைகொள்ளும். 2.8-க்குப் பதில் 3.2 என்றால் 0.513, 0.799 என இரண்டுக்கும் இடையே ஊசலாடும், 3.5 என்றால் நான்கு எண்கள் சுழலும், 3.9 என்றால் எந்த ஒழுங்கும் தென்படாது. பூச்சிகளின் தலைமுறைப் பெருக்கம் போன்றவற்றுக்கு உதவும் இந்த எளிய சமன்பாட்டின் விசித்திரங்களைச் சூழலியலாளர் ராபர்ட் மே 1976-இல் விரித்துரைத்து, மாணவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

கேள்வி: கூண்டுப் புலி ஒன்று ஒரே தடத்தில் எட்டு வடிவில் நடந்துகொண்டே இருந்ததை இருபது நிமிடம் நின்று பார்த்தேன். பாடத்தில் வரும் 'எல்லைச் சுழற்சி' இதுதானா?

பதில்: ஒப்புமை கவர்ச்சியானது, எனினும் நான் அதற்கு உடன்படமாட்டேன். சற்றே கலைத்தாலும் மீண்டும் பழைய வட்டத்துக்கே திரும்பும் இயக்கத்தை எல்லைச் சுழற்சி என்பார்கள். இதயத் துடிப்பு நல்ல எடுத்துக்காட்டு. பராமரிப்பாளர் வந்ததும் நின்று, அவர் போனதும் அதே தடத்தைப் பிடிக்கும் புலி அப்படித் தோன்றலாம். ஆனால் அந்தப் பெயர், புலி ஏன் நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகளே அடைபட்ட இடத்தில் இவ்வாறு அதிகம் நடைபயில்கின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003-இல் காட்டினார்கள். பனிக்கரடி அதற்கு முதன்மைச் சான்று. இருபது நிமிடம் நின்றதால்தான் அந்தத் தடம் உங்கள் கண்ணில் பட்டது. இரண்டு நிமிடம் நின்றவர்கள், உலாவும் புலியைப் பார்த்த மகிழ்ச்சியோடு அடுத்த கூண்டுக்குப் போயிருப்பார்கள்.