சேதுவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

பள்ளி விடுமுறைக்கு வந்த என் அக்காள் மகன் ‘ஜிகர்தண்டா’ படத்தைப் போட்டுக் காட்டினான். நான்காம் படிவம் படிக்கிறான். எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, வசனத்தை அவனே முந்திக்கொண்டு சொல்கிறான். கொலை நடந்த சூடு ஆறுவதற்குள் சிரிக்க வைக்கிறார்கள். ஓரிடத்தில் நானும் சிரித்துவிட்டேன், அப்புறம் உடம்பெல்லாம் கூசியது. என்னிடம் படித்த இரண்டு பையன்கள் குண்டர் கும்பலில் சேர்ந்து பள்ளியை விட்டே போய்விட்டார்கள். இதை நல்ல படம் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். எப்படி மனம் வந்தது?

தமிழாசிரியை, ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த இரண்டு பையன்களை மனத்தில் வைத்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறீர்கள். வேறு எப்படிப் பார்க்க முடியும்?

நான் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவள். எங்கள் பிளாட்டுக்குக் கீழே ஓர் அண்ணன் மாலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய்த் துடைப்போம். நானும் துடைத்திருக்கிறேன். இரண்டு ரிங்கிட் கொடுப்பார். அவர் வந்தால் பெரியவர்கள் பேச்சைக் குறைப்பார்கள். அந்த அமைதிதான் எங்களை மயக்கியது. சில வருடம் கழித்து அவரைப் பாராங் கத்தியால் வெட்டிப்போட்டார்கள். சாவு வீட்டில் முதுகில் கும்பலின் எண் போட்ட ஒரே மாதிரிச் சட்டையில் இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள். “அதைக் கழற்றிட்டு வந்து என் பிள்ளையைத் தூக்குங்கடா” என்று அவருடைய அம்மா சொன்னார். ஒருவன்கூடக் கழற்றவில்லை.

மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது 2013 ஆகஸ்டில். உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றார்கள். அடுத்த ஆகஸ்டில் கார்த்திக் சுப்புராஜின் இந்தப் படம் வந்தது. அந்தப் பட்டியல் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கத்தான் கோலாலம்பூரில் அரங்குக்குப் போனேன்.

படம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். புது இயக்குநரிடம் தயாரிப்பாளர் கேட்பது ரத்தம் தெறிக்கும் ரவுடிக் கதை. அதற்காகத்தான் அவன் மதுரைக்குப் போய் அசால்ட் சேது என்ற ரவுடியின் பின்னால் சுற்றுகிறான். ரத்தத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் சினிமாக்காரர்கள், காசு கொடுத்துப் பார்க்கிற நாம். இடைவேளைக்குப் பிறகு சேது தானே நாயகனாக நடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். நடிப்புப் பயிற்சி நடக்கிறதே, உங்களுக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரையே நடுங்க வைத்தவர்கள் வாத்தியார் முன்னால் அழத் தெரியாமல், சிரிக்கத் தெரியாமல் முழிக்கிறார்கள். அவன் நடித்த படம் வெளிவந்ததும் ஊரே சேதுவைப் பார்த்துச் சிரிக்கிறது. எவ்வளவு கொலை செய்தாலும் தாங்கிக்கொள்கிற ஆளுக்கு அது தாங்கவில்லை.

எனக்கு இந்த இடம் பெரிது. கும்பலுக்கு முதலீடு பயம் மட்டும் இல்லை, பயத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற மரியாதை. கீழ்வீட்டு அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால் நான் அந்த வண்டியைத் துடைத்திருக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் அக்காள் மகன் விஷயத்தில் நீங்கள் பயப்படுவதும் நியாயமே. முதல் பாதியில் படம் சேதுவை ரசிக்கிறது. சந்தோஷ் நாராயணனின் இசை, சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவின் நடை, அந்தப் பார்வை. அந்த நடிப்புக்குத் தேசிய விருதே கிடைத்தது. பதினாறு வயதுப் பையன் அந்தத் தோரணையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட முடியும். என் பக்கத்து இருக்கைக்காரர்கள் முதல் பாதிக்கு விசிலடித்துவிட்டு இரண்டாம் பாதியை ‘இழுவை’ என்றார்கள். செத்தவர்களின் வீடுகளில் படம் போதுமான நேரம் நிற்கவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. அந்த அம்மாவின் குரலைக் கேட்டவள் நான்.

முடிவை மட்டும் மறக்க வேண்டாம். ரவுடி நடிகனாகிவிடுகிறான். அவனைப் படமெடுக்க வந்த படித்த பையன் அடியாட்களை வைத்துக் காரியம் சாதிக்கிறான். அரங்கில் அதற்கும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்களுக்கு வந்த கூச்சமும் இந்த வகைதான், அதை விட்டுவிடாதீர்கள்.

அவனைத் திட்டாதீர்கள், தங்கை. திட்டினால் தனியாகப் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காட்சியை நண்பர்களுக்கு அடிக்கடி போட்டுக் காட்டுகிறாய் என்று கேளுங்கள். சேதுவின் நடையா, நடிப்பு வகுப்பா? என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா