எடை குறைந்த பிறகு குடம் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் மதுரையில், எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ இருந்தேன், இப்போது 84. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் ஐந்து வாரமாக எடை அசையவில்லை. முடி கொட்டுகிறது. அலுவலக மாடிப்படி ஏறினால் தொடை தளர்ந்துபோகிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. காலையில் ஒரு இட்லி, பதினொரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் ஒரு கரண்டி ரசம் சாதமும் பொரியலும், இரவு ஒரு தோசை. இதற்கு மேல் இறங்குவதில்லை. மருத்துவமனையில் கொடுத்த சத்து மாத்திரைகளை நான்காம் மாதத்தோடு நிறுத்திவிட்டேன். நடையை இரண்டரை மணி நேரமாக்கலாமா? மகள், எடை தூக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறாள். மாமியாரோ, வயிற்றில் கத்தி வைத்தவள் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நடையை இரண்டரை மணி நேரமாக நீட்ட வேண்டாம். சொல்லப்போனால், இப்போது நடக்கும் ஒன்றரை மணி நேரத்தையே சற்றுக் குறைத்து, மிச்சப்படும் நேரத்தை உங்கள் தொடைக்கும் முதுகுக்கும் தோளுக்கும் கொடுக்கச் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் சாப்பாட்டையும் நிறுத்திவிட்ட மாத்திரைகளையும் சரிசெய்தாக வேண்டும். அவை சரியாகாமல் எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் உடம்பு இன்னும் களைத்துப்போகும்.

ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் பகுதியில் என்பதால், வயிறு சீக்கிரம் நிறைவதோடு பசியும் அடங்கிவிடுகிறது. ஆகவே உடம்பு தன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்யத் தொடங்குகிறது. அப்படிச் செலவு செய்யும்போது அது கொழுப்பை மட்டும் தேடி எடுப்பதில்லை. போதிய புரதமும் தசைக்கு வேலையும் கிடைக்காதபோது தசையையும் சேர்த்தே கரைக்கிறது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குறையும் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருப்பது சாதாரணமாகக் காணப்படுவதுதான். உங்களுக்குக் குறைந்த 28 கிலோவில் அப்படி 7 கிலோ போயிருந்தால், அதில் தசையும் கணிசமாக இருக்கும். எடை பார்க்கும் மெஷினுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கொழுப்பு போனாலும் தசை போனாலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும். உங்கள் தொடைக்குத் தெரிகிறது. படியில் அது தளர்வதும், தரையிலிருந்து எழக் கையைத் தேடுவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் பணிபுரியும் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே ஒரு பெண்மணி வந்தார். ஒன்பது மாதத்தில் 35 கிலோ குறைந்திருந்தது. பழைய சுடிதாரை இரண்டு முறை பிடித்துத் தைத்துப் போட்டிருந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். முன்னும் பின்னும் மூன்று முறை ஆடினார், எழ முடியவில்லை. நான்காவது முறை கை தானாக அவிழ்ந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. 35 கிலோ குறைந்த ஓர் உடம்பு முன்பைவிட எளிதாக அல்லவா எழ வேண்டும்? அவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனபோது கொடுத்த குறிப்பில் உணவைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன, உடற்பயிற்சியைப் பற்றி ஒரே வரி, "தினமும் நடக்கவும்." இந்த ஒரு வரியால் எத்தனை பேர் தசையை இழந்து வருகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

நடை நல்லதுதான், அதில் ஐயமில்லை. அறுவை சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பது காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் அது நன்மை செய்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று தொடங்கி 300 நிமிடம் வரை போகலாம். நாளுக்கு 45 நிமிடம் வீதம் ஐந்து நாள் நடந்தாலே 225 நிமிடம் ஆகிவிடும். ஆனால் தினமும் நடந்து பழகிய தசைக்கு, அதே நடை புதிய சுமை எதையும் கொடுப்பதில்லை. சுமை கூடும்போதுதான் தசை வளரும்.

ஐந்து வாரமாக எடை அசையவில்லை என்று கவலைப்படாதீர்கள். 112 கிலோவைச் சுமந்த உடம்புக்குத் தேவைப்பட்ட சக்தி 84 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதோடு குறைந்த உணவுக்கு ஏற்பத் தன் செலவையும் அது சுருக்கிக்கொள்கிறது. ஆகவே இறக்கம் படிப்படியாகத்தான் இருக்கும், நடுவில் சில வாரம் நிற்கும், பிறகு மீண்டும் இறங்கும். பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை இப்படிப் போய்ப் பிறகு நிலைகொள்ளும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 2,000 பேரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்த எடை பத்தாம் ஆண்டில் 17 சதவீதக் குறைவாகவும் இருபதாம் ஆண்டில் 18 சதவீதக் குறைவாகவும் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் செய்தது அக்காலத்து வேறு வகைச் சிகிச்சை என்றாலும், கொஞ்சம் எடை திரும்புவது இயல்பு என்பதையும், பெரும்பகுதியைத் தக்கவைக்க முடியும் என்பதையும் அது காட்டுகிறது. உடற்பயிற்சியின் பெரிய பயன் அந்தத் தக்கவைத்தலில்தான் இருக்கிறது. இந்த மாதம் இன்னும் இரண்டு கிலோவை இறக்குவதற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

இனி உங்கள் சாப்பாடு. நீங்கள் எழுதியதை நான் கூட்டிப் பார்த்தேன். இட்லியில் 2 கிராம் புரதம், தோசையில் 3 கிராம், டீயில் இருக்கும் பாலில் ஏதோ கொஞ்சம், ரசம் சாதத்தில் அதைவிடக் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் 20 கிராமைத் தாண்டுவது கடினம். உங்களுக்கு வேண்டியது நாளுக்கு 60 முதல் 80 கிராம். வயிறு சிறியது என்பதால் அளவைக் கூட்ட முடியாது. ஆனால் வரிசையை மாற்றலாம். முதலில் புரதம், அடுத்துக் காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டால் 12 கிராம் வந்துவிடும். பதினொரு மணிக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு சிறு கிண்ணம் சுண்டலோ ஒரு தம்ளர் பாலோ எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் குழம்பிலிருந்து மீனையோ கோழியையோ முதலில் எடுத்து நன்றாக மென்று சாப்பிடுங்கள். 75 கிராம் மீனில் 15 கிராம் புரதம் இருக்கும். சைவம் என்றால் கெட்டிப் பருப்போடு 50 கிராம் பன்னீர். இரவு தோசைக்குப் பதில் அடை, பக்கத்தில் கெட்டித் தயிர். இவற்றாலும் எட்டவில்லை என்றால் புரதப் பொடியைப் பற்றி உங்கள் உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள்; அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி நாள் முழுவதும் வாய் வாயாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடியுங்கள். இந்த வயிற்றால் மடமடவென்று குடிக்க முடியாது என்பதால், திண்டுக்கல் வெயிலில் நடந்து களைத்த பிறகு ஈடுசெய்துவிடலாம் என்று நினைப்பது நடக்காது. கையில் பாட்டிலோடு போங்கள்.

சத்து மாத்திரைகளை நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த செய்தி. அவை நான்கு மாதத்து மாத்திரைகள் அல்ல, சகோதரி. வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டியவை. உண்ணும் அளவு குறைந்ததாலும் இரைப்பை அமிலம் குறைந்ததாலும் இரும்பும் பி12 வைட்டமினும் முன்புபோல் உடம்பில் சேர்வதில்லை. கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு மெலியும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இன்னும் எளிதாக வரும். படியேறும்போது வரும் தளர்ச்சிக்கு ரத்தசோகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், பயிற்சியைத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு எடுக்க வேண்டாம். முடி கொட்டுவது, வேகமாக எடை குறையும் எவருக்கும் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நேர்வதுதான். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். உங்களுக்கு ஏழாம் மாதத்திலும் நிற்காததற்குப் புரதமும் இரும்பும் போதாததே காரணமாக இருக்கக்கூடும்.

அந்தச் சந்திப்பில் ரத்த அழுத்த மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது 112 கிலோ உடம்புக்கு எழுதிய அளவு. எடை இவ்வளவு குறைந்த பிறகும் அதே அளவு தொடர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, எழுந்ததும் தலை சுற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தலைசுற்றல் தீரும் வரை எடை தூக்குவதைத் தொடங்க வேண்டாம்.

பிறகு, வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, 25 நிமிடம். ஜிம்முக்குப் போக விருப்பமானால் போகலாம், வீட்டிலும் முடியும். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, அதிலிருந்து மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குவதில்தான் தொடை அதிகம் வேலை செய்கிறது. முதல் நாள் அரை நிமிடத்தில் கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணிக் காலண்டரில் குறித்துவையுங்கள். அறுபதைத் தொட்ட பெண்களிடமே 12 முறைக்குக் குறையக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். அடுத்து, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குவது. குதிகாலை உயர்த்தி நிற்பது. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லை என்றால் சுமையைக் கூட்டுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதீர்கள், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மறுநாள் தொடை வலிக்கும். அதற்காக மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை உங்கள் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். வென்னீர் ஒத்தடம் போதும். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், தையல் தழும்பின் அருகே புடைப்பு, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். வயிற்றை நீளமாகத் திறந்து அறுவை சிகிச்சை செய்த காலத்தில் மாதக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது என்று சொல்வார்கள். அவர் அதை மறக்காமல் வைத்திருக்கிறார், உங்கள்மேல் உள்ள அக்கறையால் சொல்கிறார். உங்களுக்குச் செய்திருப்பது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், நான்கைந்து சிறு துளைகள் வழியாக நடக்கும் சிகிச்சை. அதற்குக் கனம் தூக்கத் தடை நான்கு முதல் ஆறு வாரம். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. மருத்துவர் தழும்புகளைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்போது மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். அதை அவர் தம் காதால் கேட்கட்டும்.

நிரம்பிய பிளாஸ்டிக் குடம் 15 கிலோவைத் தொடும் என்பதால் அதை உடனே தூக்க வேண்டாம். பயிற்சி தொடங்கி ஒரு மாதம் ஆனதும் கால்குடம் தண்ணீரோடு ஆரம்பியுங்கள். இடுப்பை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே தொடையின் பலத்தில் எழுந்திருங்கள். ஒரே இடுப்பில் வைக்காமல் போகும்போது இடது, அடுத்த நடைக்கு வலது என்று மாற்றுங்கள். இரண்டாம் மாதம் அரைக்குடம். மூன்றாம் மாத முடிவில் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்து அரை நிமிடம் எண்ணிப் பார்த்து, காலண்டரில் குறித்த பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எனக்கு எழுதுங்கள். குடத்தை அதற்கு மேல் எவ்வளவு நிரப்பலாம் என்பதை அந்த இரண்டு எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.