ஓக் கொட்டையிலிருந்து கறிவேப்பிலை வரை: பெங்களூரு வாசகர்களின் மரக் கேள்விகள்

முசோரி போனபோது ஓக் மரத்தடியில் கொட்டைகள் பொறுக்கி வந்தேன். இங்கே நட்டால் வளருமா? (ஜாலஹள்ளி)

ஈரம் காயாமல் கொண்டுவந்திருந்தால் முளைக்கும். உலர்ந்த கொட்டைக்கு உயிரில்லை. ஆனால் முளைத்ததெல்லாம் மரமாகாது. முசோரிப் பக்கத்து ஓக், ஏறக்குறைய 1,200 முதல் 2,400 மீட்டர் உயரத்து இமயமலைச் சரிவுகளில் வளர்வது. பெங்களூரு சுமார் 900 மீட்டர்தான். அந்தக் குளிரும் இங்கே கிடையாது. அங்கே அதன் கொட்டையை லங்கூர் குரங்கும் பறக்கும் அணிலும் தின்னும், ஜே பறவை மண்ணில் புதைத்து வைக்கும். எடுக்க மறந்தவை கன்றாகும். அந்த உறவுகளை நாம் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. அதே அக்கறையோடு நம்மூர் மரம் ஒன்றை நடுங்கள்.

அப்படியானால் சில்வர் ஓக் வைக்கலாமா? (கே.ஆர்.புரம்)

வேண்டாம். அது ஆஸ்திரேலிய மரம், ஓக் குடும்பமே அல்ல. காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் உதவும், அவ்வளவுதான்.

எங்கள் தெருப் புங்கமரத்தில் இலையெல்லாம் ஓட்டை, ஒரே முடிச்சு. என்ன மருந்து அடிப்பது? (அல்சூர்)

தயவுசெய்து எதுவும் அடிக்காதீர்கள். முடிச்சுகள், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் உண்டாக்குபவை, மரத்தைச் சாய்க்காது. ஓட்டைகளைப் பற்றி எனக்குச் சந்தோஷம்தான். பழைய இலை உதிர்ந்து தளிர் விடும் பருவத்தில் ஒரு கொம்பைத் தாழ்த்திப் பாருங்கள். இளம் இலையின் ஓரங்களை நூலால் இழுத்து மடித்து, உள்ளே ஒரு புழு இருக்கலாம். அது புங்க இலை தின்று வளரும் ஒரு வகைப் பட்டாம்பூச்சியின் குழந்தை. தையல்சிட்டும் பட்டாணிக்குருவியும் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இப்படிப்பட்ட புழுக்களைத்தான். மருந்தடித்தால் இலை பளபளக்கும், கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். ஏப்ரல் வாக்கில் அதே மரம் பூத்து, தேனீக்கள் மொய்க்கும்.

பட்ட கொம்பையும் உடனே வெட்ட வேண்டாம். ஆள் நடமாட்டத்துக்கு மேலே தொங்கவில்லையென்றால் விட்டுவைக்கலாம். குக்குறுவான் பறவை பொந்து குடைவது மட்கிய மரத்தில்தான்.

புங்கை விதை போட்டு வளர்ப்பது எப்படி? (ராமமூர்த்தி நகர்)

பழுப்பேறி விழுந்த காயை உடைத்தால் ஒன்றிரண்டு தட்டையான விதை இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, விரல் கணு ஆழத்தில் போடுங்கள். இரண்டு வாரத்தில் முளை தெரியும். கன்றைப் பையில் வருடக்கணக்கில் வைத்தால் வேர் சுருண்டுகொள்ளும். ஜூனில் மழை பிடித்ததும் இரண்டடிக் குழியில் நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசவிடாதீர்கள். ஒரு மீட்டராவது மண் திறந்திருக்கட்டும். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் அங்கேயே போடுங்கள்.

முப்பதுக்கு நாற்பது மனையில் அத்தி வைக்க ஆசை. (ஸ்ரீராமபுரம்)

ஆசை நியாயம், இடம் போதாது. அத்தியை ஏரிக்கரைக்கும் பூங்காவுக்கும் கேட்டு வாங்குங்கள். அதன் பூக்கள் காய்க்குள்ளே மறைந்திருப்பவை. அதற்கென்றே உள்ள சிறு குளவி, காயின் நுனித் துளை வழியே இறக்கை பிய்ய நுழைந்து மகரந்தம் சேர்க்கும். வருடத்தில் பலமுறை காய்ப்பதால், மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் குயிலுக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் சாப்பாடு.

உங்கள் வாசலுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு வரும் பட்டாம்பூச்சி அவற்றில்தான் முட்டையிடும். இளம் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், தட்டிவிடாதீர்கள். ஒரு கொத்தை அதற்கு விட்டுவிட்டு, சாம்பாருக்கு அடுத்த கொத்தில் பறித்துக்கொள்ளுங்கள்.