நிரல் கண்ணில் பட்டால் மட்டும் திறமூலம் ஆகிவிடாது

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு சர்வர் அமைத்துப் பராமரித்துத் தரும் சிறு நிறுவனம் எங்களுடையது. இதற்காக நாங்கள் பார்த்துவைத்த மென்பொருளின் மூலநிரல் முழுவதும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம்தானே?

பதில்: கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளையும் காசுக்கு விற்கலாம். ஜிபிஎல் என்ற திறமூல உரிமமே அதை அனுமதிக்கிறது. லினக்ஸ் மென்பொருள் தரும் ரெட் ஹேட் நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் சந்தா வாங்கித்தான் தொழில் நடத்துகிறது. கைக்கு வந்த மென்பொருளை என்ன செய்ய விடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 1998இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, எது திறமூலம் என்பதற்குப் பத்து நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. இன்ன தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமம் தடுக்கலாகாது என்பது அவற்றில் ஆறாவது. வணிகத்துக்குத் தனி விதி போடும் மென்பொருள் அங்கேயே அடிபட்டுப்போகிறது. அதன் நிரலைப் படிக்கலாம். அதற்கு மேல் உரிமையாளர் விட்டுக்கொடுத்த அளவுதான்.

சர்வர்களை நிரல் வழியே அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் உங்கள் தொழிலுக்கு நெருக்கமான உதாரணம். எம்பிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருந்த அதை, 2023 ஆகஸ்ட்டில் அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் பிஎஸ்எல் (பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்) உரிமத்துக்கு மாற்றியது. நிரல் இன்றும் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. சொந்த நிறுவன வேலைக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. ஹாஷிகார்ப் விற்கும் சேவைக்குப் போட்டியாக அதை விற்கத்தான் முடியாது. ஒவ்வொரு பதிப்பும் நான்கு ஆண்டுகளில் எம்பிஎல்லுக்குத் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு ஆண்டு பழைய நிரலை நம்பி யார் சர்வர் நடத்துவார்கள்? மாற்றத்துக்கு முந்தைய பதிப்புகளின் உரிமம் அப்படியே நீடித்ததால், அந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனி மென்பொருள் கிளைத்தது. இப்போது அது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்கிறது. பறிக்க முடியாத உரிமை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

விளம்பரப் பக்கத்தில் 'ஓப்பன்' என்று போட்டிருப்பதை நம்பாமல் 'லைசென்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்றிருந்தால் திறமூலம். பிஎஸ்எல் என்றிருந்தால் 'அடிஷனல் யூஸ் கிராண்ட்' (கூடுதல் பயன்பாட்டு அனுமதி) என்ற பத்தியைச் சொல் விடாமல் படியுங்கள். அதில் அனுமதி எழுதப்படவில்லையென்றால், சோதித்துப் பார்க்கலாமே தவிர, உண்மையான பணிக்கு ஓட்ட முடியாது. வாடிக்கையாளருக்காக நடத்துவது உங்கள் தொழில் என்பதால், அனுமதி உண்டா என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடுங்கள்.