கொக்கிப் பின்னுக்குப் பதில் போல்ட் வேண்டாம்

கேள்வி: 45 எச்.பி. டிராக்டர் வைத்திருக்கிறேன். இரண்டு சக்கர டிரெய்லரில் 3 டன் நெல் அறுவடை இயந்திரத்தை ஏற்றி இழுக்க எந்தக் கொக்கி சரி?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டுங்கள். கொக்கி, அதில் செருகும் பின் (இரும்பு முளை), டிராபார் (டிராக்டரின் பின்பக்க இழுவைச் சட்டம்) மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ, அதுதான் கணக்கு. இரண்டு சக்கரம் என்பதால் சுமையில் ஒரு பங்கு கொக்கியையும் அமுக்கும். அப்புறம், கொக்கி டிராக்டரின் பின்சக்கர அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். டாப் லிங்க்கில் (கருவிகளை மாட்டும் மேல் இணைப்புத் தண்டில்) மாட்டி இழுக்கவே கூடாது ஐயா. முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் கவிழும், உயிர் போகும். பின்னுக்குப் பதில் சாதா போல்ட் போட்டு, வாய்க்கால் மேட்டில் அது முறிந்து வந்த வண்டியை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். நல்ல பின், அதற்கு லாக், கூடவே பாதுகாப்புச் சங்கிலி; மூன்றையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.