பிறந்த பூனைக்குட்டி தானாக ஏன் சிறுநீர் கழிப்பதில்லை?

சிறுநீர்ப்பைக்கு இரண்டே வேலை: சேர்த்து வைப்பது, சமயம் பார்த்து வெளியேற்றுவது. சேரும்போது பை தளர்ந்திருக்கும், வாய்த்தசை இறுகியிருக்கும். வெளியேற்றும்போது நேர்மாறாக, பை சுருங்கி வாய் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க நரம்புகளின் ஒருங்கிணைப்பு தேவை.

வளர்ந்த பூனையில் இதைச் செய்வது மூளைத்தண்டிலுள்ள ஒரு சிறு பகுதி. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1925இல் பூனைகளை ஆராய்ந்துதான் அதைக் கண்டறிந்தார். பஸ் நிறைந்துவிட்டாலும் கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகராதல்லவா, அப்படித்தான். பை நிறைந்த செய்தி தண்டுவடம் வழியே மேலே போகும். மேலிருந்து உத்தரவு வந்தால்தான் பை சுருங்கும்.

பிறந்த குட்டியில் அந்த மேல் இணைப்பு இன்னும் முதிரவில்லை. பதிலாக, தாய் வாலடியை நக்கும்போது தோலில் எழும் உணர்வு தண்டுவடத்தின் அடிப்பகுதிக்குப் போய், மூளையைக் கேட்காமலே பையைச் சுருக்குகிறது. சில வாரங்களில் மூளை பொறுப்பேற்க, இந்தக் குறுக்குவழி அடங்கிவிடும். அழிந்துவிடுவதில்லை என்பதுதான் ஆச்சரியம்: தண்டுவடம் அறுபட்ட பெரிய பூனையிடம் அது மறுபடி தலைகாட்டுகிறது.

தாயில்லாக் குட்டியை வளர்ப்பவர்கள் பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் வாலடியில் மெல்லத் தடவுவது இதனால்தான்.

தாய் நக்குவது வெறும் சுத்தத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; தாய் அப்படி நக்காவிட்டால் பை நிறைந்தபடியே கிடந்து குட்டியின் உயிருக்கே ஆபத்தாகும்.